போகியன்று எடுத்த அளவு

"பொட்டியில இன்னா கீது?" என்று கண்டக்டர் கேட்டார். மடியில் இருந்த மரப்பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றால் அவருக்குப் புரியாது. சூரிய வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்கிற கருவி என்று விளக்கினால் அந்த விடியாத நேரத்தில் பஸ் பூராவும் சிரிக்கும். "தையல் மிஷின்" என்றேன். தையல் மிஷினுக்கு லக்கேஜ் உண்டு என்று ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சௌந்தரவல்லி மேடம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பை அடக்க அடக்க அவர் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது, திருக்கழுக்குன்றம் தாண்டும் வரைக்கும். 2002 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. என் தோளில் இடித்துச் சிரிக்க அதுவரைக்கும் ஒரு சிநேகிதி இருந்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

எங்கள் கல்லூரி செங்கல்பட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில், கருங்குழிக்குப் போகிற வழியில் இருக்கிறது. அங்கே பிசிக்ஸ் லேபில் நான் அட்டெண்டர். எனக்கு முன்னால் என் அப்பா ஏசுபாதம் அதே லேபில் இருபத்தோரு வருஷம் அட்டெண்டராக இருந்தார். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. வெயில் படாத வேலைக்குப் போன முதல் ஆள் அப்பாதான். நான் பிளஸ் டூ முடித்த மே மாதம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். பணியில் இருக்கும்போதே போனதால் வாரிசு வேலை எனக்கு வந்தது. பிசிக்ஸில் இருநூற்றுக்கு நூற்றெழுபத்தெட்டு வாங்கி, அதே கல்லூரியில் பி.எஸ்.சி.க்கு விண்ணப்பமும் போட்டிருந்தேன். மாணவியாகப் போகவேண்டிய வாசலில் அட்டெண்டராகப் போனேன், அவ்வளவுதான் வித்தியாசம். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள் முதல் வருஷ பிராக்டிகலுக்கு வந்து, "ரெபேக்கா, ஒரு லென்ஸ் குடேன்" என்று கை நீட்டினாள். கொடுத்தேன். துடைத்துத்தான் கொடுத்தேன்.

அப்பாவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் வித்து. யூனிவர்சிட்டி பிராக்டிகல் பரீட்சையில் பையன்கள் கை நடுங்கி, அளவு சரியாக வராமல், அழுகிற நிலைக்குப் போய்விடுவார்கள். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் டீயும் போண்டாவும் சாப்பிடுகிற நேரம் பார்த்து அப்பா துடைக்கிற துணியோடு மேஜை மேஜையாகப் போவார். மேஜையைத் துடைத்துக்கொண்டே, உதடு அசையாமல், "முப்பத்தி நாலு டிகிரி, பன்னெண்டு மினிட்டு" என்பார். பையன் அதை எழுதிப் பாஸாகிவிடுவான். இன்று பேங்க் மேனேஜராக இருக்கிற எத்தனையோ பேர் அப்பா வாயால் பிழைத்தவர்கள். இதை யாரும் களவு என்று நினைத்ததில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரிதான். என்னையும் பரீட்சை நாட்களில் உதவிக்கு அழைத்துப் போவார். "ரீடிங் ஒழுங்கா இருந்தா எவனும் கேள்வி கேக்க மாட்டான்மா. ஆனா ரொம்ப ஒழுங்காவும் இருக்கக்கூடாது. ஒண்ணு ரெண்டு எடத்துல தப்பு வெக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தார். நானும் ஒன்பது வருஷம் துணியோடு மேஜை துடைத்தவள்தான்.

சௌந்தரவல்லி மேடம் 2001-ல் லெக்சரராகச் சேர்ந்தார். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருவார். அவருடைய அப்பா அங்கே கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம். கல்லூரியில் பியூன் முதல் பிரின்சிபால் வரை எல்லோரும் என்னை "வா, போ" என்றுதான் பேசுவார்கள். முதல் நாளே "நீங்க" என்றவர் மேடம் மட்டும்தான். அந்த வருஷக் கடைசியில் ஒருநாள் கையில் பேப்பர் துண்டோடு டார்க் ரூமுக்குள் வந்து, "ரெபேக்கா, அந்த சோடியம் விளக்கப் போடுங்கோ" என்றார். போட்டேன். முதலில் சிவந்து, மெல்ல மெல்ல மஞ்சளாயிற்று. தினமும் நான் போட்டு அணைக்கிற விளக்கு. இருட்டறையில் அவர் முகம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருந்தது.

"இந்த மஞ்சள் இருக்கே, இத வேற ஒரு நட்சத்திரத்தைச் சுத்தற கோளோட காத்துல கண்டுபிடிச்சிருக்கா. நூத்தம்பது ஒளியாண்டு தூரத்துல."

"அவ்ளோ தூரம் போயி யாரு மேடம் வெளக்கு போட்டது?"

"நட்சத்திரமே விளக்கு. கோள் அதுக்குக் குறுக்க வரும்போது, வெளிச்சம் அந்தக் கோளோட ஓரத்துக் காத்து வழியா நுழைஞ்சு நம்மகிட்ட வரும். அந்தக் காத்துல சோடியம் இருந்தா இந்த மஞ்சள் மட்டும் துளி குறையும். குறையறத வெச்சுத்தான் இருக்கறதக் கண்டுபிடிக்கறது."

அந்தக் கோள் அடுப்பு மாதிரி கொதிக்கிற ஒன்று, அங்கே ஈ எறும்புகூட இருக்க முடியாது என்றும் சொன்னார். ஆனால் வழி தெரிந்துவிட்டது. என்றைக்காவது பூமியைப் போல ஒரு சின்னக் கோள் அகப்படும். அதன் காற்றில் ஆக்சிஜனும் தண்ணீரும் சேர்ந்து தெரிந்தால், அங்கே ஏதோ ஒன்று மூச்சு விடுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அதற்கு முன், மூச்சு விடுகிறவர்கள் இருக்கிற நம் காற்று எப்படித் தெரியும் என்று தெரிய வேண்டாமா? அதைத்தான் எம்.ஃபில். ஆய்வாக எடுத்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகும் அந்த விளக்கை அணைக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வெளிச்சம், நான் தினமும் கையால் தொடுகிற வெளிச்சம், அங்கேயும் இருக்கிறதாம். எச்.ஓ.டி. சுப்புராமன் சார் எட்டிப் பார்த்து, "கரண்ட் பில்லு உங்க மாமனா கட்றான்?" என்று கத்திய பிறகுதான் அணைத்தேன்.

வேலை இதுதான். சூரியன் உச்சியில் இருக்கும்போது அதன் வெளிச்சம் காற்றை நேராகக் கடந்து வருகிறது. விடியும்போது படுக்கை வாட்டில், முப்பது நாற்பது மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. விடியற்கால வெளிச்சத்தையும் உச்சிவெயிலையும் நிறம் நிறமாகப் பிரித்து அளந்து ஒப்பிட்டால், நடுவில் எது குறைகிறதோ அதுதான் நம் காற்று. சிவப்பில் ஒரு கறுப்புப் பட்டை, அது ஆக்சிஜன். மஞ்சளை ஒட்டி மயிரிழை மாதிரிக் கோடுகள், அது தண்ணீர். விடியலைத் தடையில்லாமல் பார்க்கக் கடற்கரை வேண்டும், அதனால் மாமல்லபுரம். கருவி என் பொறுப்பில் இருந்ததால், கருவி போகிற இடத்துக்கெல்லாம் நானும் போக வேண்டும் என்று சுப்புராமன் சார் உத்தரவு போட்டார். தண்டனை என்று நினைத்துத்தான் போட்டிருப்பார், பாவம்.

கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, படகுகளைத் தாண்டி, சங்கு மாலை விற்கிற கண்ணகியின் கடையில் ஒரு உயரமான ஸ்டூல் கிடைத்தது. அதன்மேல் கருவியை வைத்து மட்டம் பார்த்து, சின்னக் கண்ணாடியால் சூரியனைப் பிடித்து உள்ளே அனுப்புவேன். கண் வைத்துப் பார்க்கிற இடத்தில் வெளிச்சத்தை அளக்கிற ஒரு சின்ன டயோடைப் பொருத்தி மீட்டரோடு இணைத்திருந்தோம். நான் திருகைத் திருப்பி எண்ணைச் சொல்வேன், மேடம் நோட்டில் எழுதுவார். "நாப்பத்தி ரெண்டு." "ம்." "முப்பத்தேழு." "ம்." இவ்வளவுதான் பேச்சு. இதைப்போல ஒரு பேச்சு என் வாழ்க்கையில் வேறு யாரோடும் இல்லை.

கண்ணகிக்கு இது பெரிய வேடிக்கை. "இன்னாமே, சூரியனுக்கு பிபி பாத்தாச்சா? எவ்ளோ கீதாம்?"

"கொஞ்சம் ஏறிகினு கீது."

"ஏறாம? அம்மாம் பெரிய உப்புத் தண்ணியக் குடிச்சிட்டு எழுந்து வர்றான்."

ஞாயிறுதோறும், லீவு நாள்தோறும் போனோம். "ஆராதனைக்குப் போவாம சமுத்திரத்துக்குப் போறா பாரு" என்று அம்மா செங்கம்மாள் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தாள். அளவு முடிந்ததும் மேடம் கொண்டுவந்த புளியோதரையைப் பிரிப்போம். மடைப்பள்ளி வீட்டுப் புளியோதரைக்கு இணை கிடையாது, அதை ஆணையிட்டுச் சொல்வேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே மேடம் கடலைப் பார்த்தபடி சொன்னார்: "இதே மாதிரி வேற எங்கேர்ந்தோ ஒருத்தர் நம்ம பூமி சூரியனுக்குக் குறுக்க வர்றதப் பாத்தா, அவாளுக்குக் கிடைக்கறது நம்ம ஓரத்துக் காத்து வழியா வர்ற வெளிச்சம்தான். ஓரம்னா என்ன? ஒரு பக்கம் விடிஞ்சிண்டிருக்கும், இன்னொரு பக்கம் சாஞ்சிண்டிருக்கும். அவாளுக்கு நாம உச்சிவெயில்ல தெரியவே மாட்டோம் ரெபேக்கா. விடியலும் அந்தியுமாத்தான் தெரிவோம்."

"அங்க பாக்கறவங்ககிட்டயும் ஒரு அட்டெண்டர் இருப்பாளா மேடம்?"

அவர் சிரிக்கவில்லை. "இருப்பா. அவதான் ரீடிங் சொல்லுவா" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு ஏக்கம் பிடித்துக்கொண்டது. வானத்தில் எங்கோ என்னைப்போல ஒருத்தி, திருகைத் திருப்பிக்கொண்டு, எங்கள் விடியலின் எண்ணை யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளை நான் பார்க்கப்போவதில்லை. பார்க்கவே முடியாத ஒருத்திக்காக ஒரு மனுஷி ஏங்க முடியுமா என்று கேட்டால், முடியும். பஸ்ஸில் திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் நெஞ்சு கனத்துப் போகும். இந்தக் காலைகள் என்றைக்கோ ஒருநாள் முடிந்துவிடும் என்பதும் அந்தக் கனத்தில் சேர்த்திதான்.

முடிகிற தேதியும் தெரிந்தே இருந்தது. மேடத்தின் அப்பா ஒரு வருஷம் கெடு கொடுத்திருந்தார். புனேயில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் மே மாதம் நேர்முகத் தேர்வு. முடித்த ஆய்வைக் கையில் கொண்டுபோய், அவர்கள் பி.எச்.டி.க்கு எடுத்துக்கொண்டால் அனுப்பிவைப்பார். இல்லையென்றால் வருகிற வரனை முடித்துவிடுவார். ஆய்வு முடிய ஒன்று மட்டும் பாக்கி. ஈரமான ஆவணிக் காற்றின் அளவு நிறைய இருந்தது. அதற்கு எதிராக, வறண்ட காற்று உள்ள மார்கழிக் காலைகள் சில வேண்டும். ஈரம் குறையக் குறையத் தண்ணீர்க் கோடுகள் எப்படி மங்குகின்றன என்பதுதான் ஆய்வே. கொடி கட்ட இரண்டு முனையிலும் ஆணி வேண்டுமல்லவா? அந்த வருஷம் பாதி மார்கழி வரைக்கும் மழை விடவில்லை. சுப்புராமன் சாரோ, "பொங்கல் வரைக்கும்தான். அப்புறம் பரீட்சை, கருவி வெளிய போகக்கூடாது" என்று சொல்லிவிட்டார். எண்ணிப் பார்த்தால் மிஞ்சியது மூன்றே காலைகள். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள், ஏகாதசி, மறுநாள் போகி.

ஏகாதசி சமயத்தில் மடைப்பள்ளிக்காரர் வீட்டுப் பெண் விடியற்காலையில் வெளியே போக முடியுமா? "ரெபேக்கா, நீங்க தனியா எடுத்துடுவேளா?" என்று கேட்டார். கேட்டபோது அவர் கண்ணில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நோட்டு என் கைக்கு வந்தது. முதல் தடவையாக எண்ணைச் சொல்கிறவளும் எழுதுகிறவளும் நானே.

முதல் நாள் கடல்மட்டத்தில் மேகம். ஒன்பது மணிவரை காத்திருந்தேன், மீட்டர் கண்டபடி குதித்தது. இரண்டாம் நாளும் மேகம். மூன்றாம் நாள், ஜனவரி பதினாலு, மேகமே இல்லை. ஆனால் போகி. ஊர் முழுக்கப் பழைய பாயையும் டயரையும் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். குப்பத்துப் பையன்கள் மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். புகை கடல்மேல் கனமாகப் படுத்துக் கிடந்தது. சூரியன் எப்போது எழுந்தது என்றே தெரியவில்லை. வெகு நேரம் கழித்துப் பழைய செப்புக் காசு மாதிரி ஒன்று மேலே தெரிந்தது. கண்ணாடியால் பிடித்து உள்ளே விட்டால் மீட்டரில் இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு. நாற்பது வரவேண்டிய இடத்தில் இரண்டு.

கண்ணகியின் ஸ்டூல் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். முப்பதுக்கு மேல் காலைகளை அளந்தவள் நான். வறண்ட நாளில் எந்த எண் எங்கே நிற்கும் என்று என் விரலுக்கே தெரியும். அந்தச் சூரியன் தெரிந்திருந்தால் என்ன எண் வந்திருக்குமோ அதைத்தானே எழுதப்போகிறேன் என்று தோன்றியது. மூன்று நாளுக்கும் எழுதினேன். அப்பா சொன்னபடி ஓரிரண்டு இடத்தில் தப்பும் வைத்தேன். கூச்சமே வரவில்லை. சொல்லப்போனால் பெருமையாக இருந்தது, மேஜை துடைத்துக்கொண்டே ஒருத்தியைப் பாஸாக்குகிற பெருமை.

"இன்னாமே, இன்னிக்கு அவன் ஆளையே காணோம்! நீ யாருக்கு பிபி எழுதிகினு கீற?" என்றாள் கண்ணகி.

"நேத்து, முந்தாநாளு பாத்தவருதானே. அதே ஆளுதான்" என்றேன்.

ஏப்ரலில் மேடம் ஆய்வேட்டை எழுதி முடிக்கும் தறுவாயில் இருந்தார். ஒரு மத்தியானம் லேபில் யாரும் இல்லாதபோது கிராஃப் தாளை மேஜையில் விரித்தார். "எல்லாத்துலயும் நன்னா வந்திருக்கறது பதினாலாம் தேதிதான். இதையே முதல் படமா போடப்போறேன்" என்றார். கூடவே டைப் அடித்த ஒரு தாளையும் காட்டினார். ஆங்கிலத்தில் 'அளவுகளை எடுத்தவர்கள்' என்று இருந்த இடத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று அவருடையது. இன்னொன்று, ஏ. ரெபேக்காள். நன்றி சொல்கிற பக்கத்தில் இல்லை, எடுத்தவர்கள் என்கிற இடத்தில். ஏசுபாதத்தின் 'ஏ'கூட இருந்தது.

நாலு நாள் அந்தத் தாளையே நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அவர் புனேக்கு வெறுங்கையோடு போக வேண்டும். சொல்லாவிட்டால், இல்லாத ஒரு விடியலை முதல் படமாகப் போட்டுக்கொண்டு போவார். போகியும் புகையும் தெரியாத ஊரில் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இதுகூடப் பரவாயில்லை. என்னை அரித்தது வேறு. சொன்னால் இன்னொரு மார்கழி அளக்க வேண்டிவரும், இன்னொரு வருஷம் அவர் இங்கேயே இருப்பார், மறுபடி பஸ், மறுபடி புளியோதரை. உண்மையைச் சொல்ல என்னைத் தள்ளுவது உண்மையா, அந்த ஆசையா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதற்கு ஒரு கருவி எங்கள் லேபில் கிடையாது. ஐந்தாம் நாள் டார்க் ரூமில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

"மேடம், பதினாலு போகி."

"ஆமா."

"போகிக்கு அங்க ஒரே பொகை மேடம். சூரியனே தெரியல. அதுக்கு முன்ன ரெண்டு நாளும் மேகம். அந்த நம்பர்லாம் நானா போட்டது."

சோடியம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த மஞ்சளில் அவர் கண் கலங்கியதா என்று தெரியவில்லை. "அன்னிக்கு மீட்டர்ல என்ன வந்தது?" என்று கடைசியில் கேட்டார்.

"ரெண்டு, மூணு."

"அத ஏன் எழுதல?"

"அசிங்கமா இருந்துச்சு மேடம்."

"அதான் ரெபேக்கா நாம." விளக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆக்சிஜனும் தண்ணியும் பாத்தா, காத்து நன்னா இருக்குன்னு தெரியும், அவ்வளவுதான். இங்க மனுஷா இருக்கான்னு அங்கேர்ந்து ஒருத்தருக்குத் தெரியணும்னா அந்தப் புகையாலதான் தெரியும். நீங்க காத்த மட்டும் சுத்தமா எழுதி வெச்சுட்டு நம்மள அழிச்சுட்டேள்." நோட்டைப் பிரித்துக்கொண்டே, "உங்கள அவ்வளவு நம்பினேன்" என்றார்.

பென்சிலால் மூன்று நாளின் எண்களையும் அடித்தார். பக்கத்தில் 'மேகம்', 'மேகம்', 'புகை' என்று எழுதினார். யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை, வானம் கெடுத்துவிட்டது என்றே சுப்புராமன் சாரிடமும் சொன்னார். ஆய்வு முடியவில்லை. இருந்தும் புனேக்குப் போய்விட்டு வந்தார். முடித்துவிட்டு அடுத்த வருஷம் வரச் சொன்னார்களாம். அடுத்த வருஷம் என்பது அவர் அப்பாவின் கெடுவில் இல்லை. நாக்பூர் வரன் முடிவாயிற்று, ஆவணியில் கல்யாணம். ஏப்ரலிலிருந்து அதுவரை லென்ஸ், பிரிசம் என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. அப்போதும் அவர் "நீங்க" என்றுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அந்த "நீங்க"வைத்தான் தாங்க முடியவில்லை. இன்னொரு மார்கழிக்கு ஆசைப்பட்டேனே, எஞ்சியிருந்த நாட்களும் போயின.

கடைசி நாள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு லேபுக்கு வந்து, பத்திரிகையோடு அந்த அளவு நோட்டையும் மேஜைமேல் வைத்தார். "அங்க போய் ஏதாவது காலேஜ்ல சேரலாம்னு இருக்கேன். பாப்போம்" என்றார். வெளிச்சத்தைப் பிரிக்கிற கிரேட்டிங் கண்ணாடியை விரலால் தொடாமல் துடைக்கச் சொல்லிப் புது அட்டெண்டருக்குச் சொல்வதுபோல ஏதோ சொன்னார், எனக்குத் தெரியாததா அது. போய்விட்டார். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் நோட்டைப் பிரித்தேன். எழுதி முடித்த பக்கங்களுக்கு அப்புறம் ஒரு புதுப் பக்கம். அவர் கையால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். தேதி, நேரம், அளவு, குறிப்பு. தேதிக்குக் கீழே 12, 13, 14, ஜனவரி 2004. மற்றதெல்லாம் காலி.

டிசம்பரில் சுப்புராமன் சாரிடம் போய் நின்றேன். "அந்தம்மாதான் போயாச்சே. ஸ்பெக்ட்ரோமீட்டர் பீச்சுக்குப் போய் சுண்டல் திங்கப் போகுதா?" என்றார். அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பத்து வருஷத்தில் நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை என்பது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பன்னிரண்டும் பதின்மூன்றும் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நாற்பது, முப்பத்தெட்டு என்று நான் போன வருஷம் கற்பனையில் எழுதியதற்குப் பக்கத்திலேயே நிஜ எண்கள் வந்து நின்றன. பக்கத்தில்தான், அதுவே இல்லை. பதினாலாம் தேதி போகி. பஸ்ஸில் அதே கண்டக்டர், அதே தையல் மிஷின் லக்கேஜ். பக்கத்து ஸீட்டில் கருவாட்டுக் கூடையோடு ஒரு அம்மா தூங்கி என் தோளில் சாய்ந்தாள்.

மாமல்லபுரத்தில் இறங்கும்போதே கண் எரிந்தது. ஊர் கொளுத்தியிருந்தது. மேளம் கேட்டது. கண்ணகி ஸ்டூலை எடுத்து வைத்து, "ஒண்டியா வந்துகினு கீற? எங்க உங்க டாக்டரம்மா?" என்றாள்.

"ஊருக்குப் போய்ட்டாங்க."

"வருவாங்களா?"

மட்டம் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். புகை கடல்மேல் படுத்துக் கிடந்தது. ஆறே முக்கால், ஏழு, ஏழு பத்து. அப்புறம் அந்தச் செப்புக் காசு வந்தது. கண்ணாடியைத் திருப்பி அதைப் பிடித்து உள்ளே விட்டேன். சிவப்பில் அந்தப் பட்டை இருக்க வேண்டிய இடத்துக்குத் திருகைக் கொண்டுபோனேன். எவ்வளவோ தூரத்தில், இதே விடியலைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி இருந்தால் அவள் மீட்டரிலும் இன்று இதுதான் வரும் என்று நினைத்துக்கொண்டேன். நாக்பூரில் போகி கொளுத்துவார்களா தெரியவில்லை. மீட்டர் நடுங்கியது. இரண்டு. புகை கொஞ்சம் விலகியது. மூன்று.

"மூணு" என்று சத்தமாகச் சொன்னேன்.

"ம்" வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து நோட்டை மடியில் வைத்து, பேனாவை நானே எடுத்தேன்.